கூடி அழ ஒரு பாட்டு

முன்னுரை

ஒரு வீட்டில் துக்கம் என்றால் தேற்றுவதற்கு ஊர் வருகிறது. ஊருக்கே துக்கம் வந்தால் யார் யாரைத் தேற்றுவது? இந்தக் கேள்வி எனக்கு நூல்களைப் படித்து எழுந்ததன்று. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வாரத்தில், தில்லியில் என் தாயாரைப் பறிகொடுத்தபோது எழுந்தது.

அந்த நாட்களைத் தில்லி அன்பர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நாளொன்றுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட கொரோனா மரணங்கள் இந்நகரில் பதிவான வாரம் அது. சுடுகாடுகளில் இடம் போதாமல் வண்டி நிறுத்தும் இடங்களிலும் சிதை அடுக்கினார்கள். அம்மாவுடன் நானும் என் மைத்துனரும் மட்டுமே போனோம். எங்களுக்கு முன்னே பதினொரு வண்டிகள் நின்றன. ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். அத்தனை குடும்பத்தார் நின்ற அந்த இடத்தில் அழுகுரலே கேட்கவில்லை. விறகு இறக்கும் ஓசையும், பெயர் கூப்பிடும் ஊழியரின் குரலும்தான் கேட்டன.

கும்பகோணத்திலிருந்து என் தமக்கை தொலைபேசியில் கேட்டாள்: "தம்பி, அங்கே யாரும் அழலியாடா?" இல்லை என்றேன். "ஒரு ஒப்பாரிகூட இல்லாம அம்மாவ அனுப்புறோமேடா" என்றாள். அப்போது எனக்குச் சற்றே எரிச்சல் வந்தது. இவ்வளவு பெரிய ஆபத்தின் நடுவே இவள் பாட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று நினைத்தேன். அவள் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. இரவில் தூக்கமும் இல்லை.

பலர் சேர்ந்து சுமக்க வேண்டிய துயரத்தில் இசை என்ன பணி செய்கிறது என்பதை, நம் தமிழ் மரபையும் நாம் வாழும் இந்த ஊரையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தமிழர் கண்ட ஒழுங்கு

இறந்தவரை நினைத்து இருப்பவர் புலம்புவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் 'கையறு நிலை' என்று பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்துள்ளது. புலம்பலுக்கும் இலக்கணம் உண்டு என்று நம் முன்னோர் கருதியது எண்ணிப் பார்க்கத்தக்கது. தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிரின் பாடல் புறநானூற்றில் 112-ஆவதாக உள்ளது. இரங்கலுக்குரிய பண்ணாக 'விளரி' குறிக்கப்படுகிறது. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் பக்குடுக்கை நன்கணியார் பாடியிருக்கிறார் (புறம் 194). ஓசையைக் கேட்டே எந்த வீட்டில் என்ன என்று ஊர் அறிந்துகொண்டது.

புலவர் பாடியது கையறு நிலை என்றால், எழுத்தறியாத நம் பாட்டிமார் பாடியது ஒப்பாரி. பிலாக்கணம் என்றும் சொல்வதுண்டு. இறந்தவரைப் பொன்னோடும் பூவோடும் தேரோடும் ஒப்புச் சொல்லி அழுவது அது. அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொள்வார்கள். ஒருத்தி அடியெடுத்துப் பாடுவாள். அடியின் முடிவில் குரல் இறங்கி நீளும். அங்கே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவள் களைத்ததும் அடுத்தவள் எடுப்பாள். தாய்க்கு மகள் பாடுவது, கணவனுக்கு மனைவி பாடுவது, பிள்ளைக்குத் தாய் பாடுவது என்று உறவுக்கு ஏற்ப அடிகள் உண்டு. புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தால் வட்டம் விரிந்து அவளுக்கு இடம் கொடுக்கும்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வந்தவள் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை. தான் முன்பு இழந்த குழந்தை, பிறந்த வீட்டார் கைவிட்டது, மாமியார் வீட்டில் பட்டது எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். நாலு பேர் நடுவில் வாய்திறந்து சொல்ல முடியாத குறைகளைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த மேடை அது. ஆகவே ஒரு சாவு வீட்டில் பல வீடுகளின் துக்கம் கலந்து அழப்பட்டது. ஒருவரின் துயரம் ஊர்த் துயரம் ஆனது இப்படித்தான்.

எனக்கு ஒன்பது வயதில் தாத்தா காலமானார். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் நெஞ்சடைக்கப் பாடி அழுத பெண்கள் திடீரென்று நிறுத்தி, முகத்தைத் துடைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பசு கன்று போட்டதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த உறவினர் வண்டியில் வந்து இறங்கியதும் மறுபடி பாட்டு. இதெல்லாம் வெறும் நடிப்பு என்று அன்று முடிவு கட்டினேன். படித்து, மத்திய அரசு வேலையாகத் தில்லிக்கு வந்து, இங்கே நாற்பது ஆண்டுகள் இருந்த பின்னும் அந்த எண்ணம் மாறவில்லை. ஒப்பாரி என்றால் நாகரிகமற்றது என்றே நினைத்திருந்தேன்.

2. அண்டை வீட்டார் வழக்கம்

இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் இந்த வட்டாரத்திலேயே இதன் உடன்பிறப்புகளைக் காணலாம்.

பஞ்சாபில் பெண்கள் பாடும் சாவுப் பாட்டுக்கு 'வைண்' என்று பெயர். பெண்கள் கூடி நின்று தாளத்துடன் மார்பில் அடித்துக்கொள்ளும் 'சியாப்பா' நம் ஊர் மாரடிப்பை அப்படியே நினைவூட்டும். நாட்டுப்புறத்தில் வழங்கிய 'அலாஹணி' என்னும் இரங்கற்பாட்டின் வடிவத்தை எடுத்துக் குருநானக் பாடிய பாடல்கள் குரு கிரந்த சாகிபில் வடஹம்ஸ் ராகத்தில் இடம்பெற்றுள்ளன. அழுகைக்குரிய உருவத்தை வைத்துக்கொண்டே பொருளை இறைவன்பால் திருப்பினார் அவர். மூன்றாம் குருவான அமர்தாஸ், தமக்குப் பின் யாரும் அழ வேண்டாம், கீர்த்தனை பாடுங்கள் என்று சொன்னதையும் அந்நூல் கூறுகிறது. அவர் அழுகையைத்தான் விலக்கினார், பாட்டை விலக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

லக்னோவுக்குப் போனால் மொகரம் மாதத்தில் மர்சியாவைக் கேட்கலாம். கி.பி. 680-இல் கர்பலாவில் நடந்த உயிர்ப்பலியை நினைந்து பாடும் இரங்கற்பா அது. மீர் அனீஸ், மிர்சா தபீர் ஆகிய பெரும் உருதுக் கவிஞர்கள் இதை வளர்த்தார்கள். இதனைச் சார்ந்த 'சோஸ்' என்னும் பாடல் முறையில் வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட, பக்கத்தில் இருப்பவர்கள் குரலாலேயே சுருதி பிடிக்கிறார்கள். 'நௌஹா' பாடும்போது கூட்டம் மார்பில் அடிப்பதே தாளம். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய துயரத்தை இன்றும் புதிதாக அழ முடிகிறது என்றால், அந்தப் பாட்டு தலைமுறை தலைமுறையாக அதைக் கைமாற்றிக் கொடுத்ததுதான் காரணம்.

ஒப்பாரி, வைண், மர்சியா மூன்றும் மொழியால் வேறு, சமயத்தால் வேறு. ஆனால் ஒருவர் எடுக்க மற்றவர் தொடர்வதும், அடிமுடிவில் எல்லாக் குரலும் ஒன்றாவதும் ஏதோ ஓர் உருவில் மூன்றிலும் உண்டு.

3. நாடே அழுத நாட்கள்

ஊர் பெரிதாகி நாடானபோது வட்டமாக உட்கார முடியாமற் போயிற்று. அந்த இடத்தை வானொலி பிடித்துக்கொண்டது.

1948 ஜனவரி 30 மாலை இந்நகரில் காந்தியடிகள் சுடப்பட்டார். செய்தியை அறிவித்த பின் அகில இந்திய வானொலி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'ஹரி தும் ஹரோ' என்ற மீரா பஜனை ஒலிபரப்பியது. மக்களின் துன்பத்தைப் போக்கும்படி ஹரியை வேண்டும் பாடல் அது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1947 அக்டோபர் 2-ஆம் தேதி அண்ணலின் 78-ஆம் பிறந்த நாளுக்காக, அவருடைய விருப்பப்படி சென்னையில் பதிவு செய்து தில்லிக்கு அனுப்பிய பாட்டு. பிறந்த நாளுக்குப் பாடியது இறந்த நாளில் ஒலித்தது. கேட்டவர்களுள் பெரும்பாலோருக்கு மீராவின் மொழி தாய்மொழியன்று, பாடியவருக்கும் அன்று. ஆயினும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டது. மதுரையில் பிறந்த ஒரு பெண்மணி அன்று இந்தியா முழுமைக்கும் அடியெடுத்துக் கொடுத்தார் எனலாம்.

அதன் பின் தலைவர்கள் மறைந்த நாட்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1964-இல் நேரு, 1984-இல் இந்திரா காந்தி, 1991-இல் ராஜீவ் காந்தி. வானொலியில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்று, சொல்லற்ற வாத்திய இசை மட்டும் ஒலிக்கும். வீணையோ சாரங்கியோ இழைவதைக் கேட்ட மாத்திரத்தில் தெருவில் போகிறவரும் நின்று "என்ன ஆயிற்று?" என்று கேட்பார். அந்த ஓசையே நாட்டின் சாப்பறை ஆயிற்று.

1962-இல் சீனப் போர். அரசுக் கணக்கின்படி நம் படையில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 1,700 பேர் காணாமற் போயினர். தோல்வியின் வெட்கமும் சேர்ந்ததால் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லவும் முடியாத நிலை. 1963 ஜனவரி 27 அன்று தில்லி நேஷனல் ஸ்டேடியத்தில் லதா மங்கேஷ்கர் 'ஏ மேரே வதன் கே லோகோ' பாடினார். எழுதியவர் கவி பிரதீப். இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா; நம்மவருக்கு 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் இசையமைப்பாளர் என்று சொன்னால் உடனே தெரியும். அப்பாட்டில் பகைவனைப் பழிக்கும் முழக்கம் முன்னிற்கவில்லை. போனவர்களை நினைத்துக் கண்கலங்கும்படி அது கேட்டது. நேரு கண்ணீர் விட்டார் என்பது வரலாறு. அழுவதற்கு நாட்டுக்கு அன்று ஓர் அனுமதி கிடைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' நிகழ்ச்சியில், காந்தியடிகளுக்குப் பிடித்த 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டை வாசிப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2022-இல் அதற்குப் பதிலாக 'ஏ மேரே வதன் கே லோகோ' மெட்டு சேர்க்கப்பட்டது. இம்மாற்றத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. ஆனால் அந்த இடத்தில் இருந்ததும் இரங்கற்பாட்டு, வந்ததும் இரங்கற்பாட்டு. குடியரசு விழாவின் முடிவில் மறைந்தவர்களுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

4. இசை செய்யும் பணி யாது?

இசை துக்கத்தைக் குறைக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். நான் அறிந்தவரை அது சரியன்று. துக்கத்தின் அளவு குறைவதில்லை; ஆனால் அதற்கு ஒரு தாளமும் துணையும் கிடைக்கின்றன. இதை நான்கு வகையில் விளக்கலாம்.

முதலாவது, மூச்சு. விம்மும்போது மூச்சு துண்டு துண்டாகிறது. பாடுவதற்கோ நீண்ட மூச்சு வேண்டும். மெதுவாக வெளியே விட வேண்டும். அப்படி விடும்போது படபடப்பு தணிகிறது. சேர்ந்து பாடுவோரின் இதயத் துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்குவதை 2013-இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். தோளைப் பற்றிப் பாடிய நம் பெண்கள் அளக்காமலே அதை அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, சொல். பேரிடி விழுந்தவருக்குச் சொல் வருவதில்லை. மரபுப் பாட்டில் சொல் ஆயத்தமாக இருக்கிறது. பெயரையும் உறவையும் மட்டும் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, முறை. ஒருவர் களைத்தால் மற்றவர் எடுக்கிறார். துக்கம் முழுவதையும் ஒருவரே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பிரெஞ்சு சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம் 1912-இல் வெளியிட்ட நூலில், துக்கம் அனுசரிப்பது தனிமனித உணர்ச்சியின் பெருக்கு மட்டுமன்று, கூட்டம் தன் உறுப்பினர் மீது சுமத்தும் கடமையும் ஆகும் என்றார். கூடி அழுவதால் கூட்டம் தன்னை மறுபடி ஒன்றாக உணர்கிறது என்பது அவர் கருத்து.

நான்காவது, எல்லை. இதுவே முக்கியமானது என்பேன். பாட்டுக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. தாத்தா வீட்டில் நான் நடிப்பு என்று நினைத்தது உண்மையில் இந்த எல்லைதான். பாட்டு அவர்களைத் துக்கத்துக்குள் அழைத்துப் போயிற்று. பாட்டு முடிந்ததும் வெளியே கொண்டு வந்தும் விட்டது. அதனால்தான் அவர்களால் வெற்றிலை போட முடிந்தது, கன்றுக்குட்டியைப் பற்றிப் பேச முடிந்தது, மறுபடி அழவும் முடிந்தது. 2021-இல் எனக்கு வாசல் திறக்கவே இல்லை. உள்ளே போகாதவன் எப்படி வெளியே வருவது?

5. மறைக்கக் கூடாத குறைகள்

பழையது என்பதால் எல்லாம் நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. ஒப்பாரி ஒலித்த அதே முற்றத்தில்தான் கைம்பெண்ணின் வளையலை உடைத்தார்கள். சாவுக்குப் பறையடிக்கும்படி ஒரு சாதியாரைக் கட்டாயப்படுத்தினார்கள். அதை மறுத்து அவர்கள் போராடியது முற்றிலும் நியாயம். இன்று அதே பறை கலைமேடைகளில் தலைநிமிர்ந்து ஒலிப்பது மகிழ்ச்சிக்குரியது. துயரத்தைப் பாட்டால் கிளறி அதைக் கோபமாகவும் வெறுப்பாகவும் மாற்றுவோரும் உண்டு. பாடப் பிடிக்காமல் மௌனமாக இருக்க விரும்புவோரும் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. வழக்கத்தின் கொடுமையைக் களைந்து, அதனுள் இருந்த ஆறுதலை மட்டும் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

6. ஒரு மாலை

2022-ஆம் ஆண்டு, கூட்டம் கூடத் தடை நீங்கிய பின், எங்கள் பகுதித் தமிழர்கள் நாற்பது பேர் ஒரு சிறு கூடத்தில் நினைவேந்தலுக்குக் கூடினோம். படங்கள் வரிசையாக இருந்தன. எங்களுக்குள் பதினான்கு பேரை இழந்திருந்தோம். இரண்டு நிமிட மௌனம், தேவாரம், மூவர் உரை. என் பங்குக்கு நானும் கொரோனாவின் பாதிப்பு பற்றித் தடுமாறாமல் பேசினேன். தலைவர் நன்றி சொல்ல எழுந்தார்.

அப்போது கடைசி வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்து வந்தார். சேலம் பக்கத்தவர். எங்கள் குடியிருப்பில் இருபது ஆண்டுகளாக வீட்டுவேலை செய்தவர். அதே மே மாதத்தில் அவர் கணவரும் போய்விட்டார். என் அம்மாவின் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "தம்பி, அம்மாவுக்கு நான் ஒண்ணு பாடிக்கட்டுமா?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையசைத்தேன்.

பாடினார். நாலரை மணிக்குக் காப்பி கலந்து 'வா' என்று கூப்பிட இனி யார் இருக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டார். பிறகு அதே மெட்டில் தம் கணவரைக் கேட்டார். கூடத்தில் சிலர் நெளிந்தார்கள். ஒருவர் என் காதருகே, "நிறுத்தச் சொல்லலாமா?" என்றார். அதற்குள் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புடவையைச் சரிசெய்துகொண்டு தரையில் போய் உட்கார்ந்தார். அக்காவின் தோளில் கை வைத்தார். அடிமுடிவில் குரல் கொடுத்தார். அவருக்கு அந்த அடி எப்படித் தெரியும்? எந்தக் காலத்தில் எந்த முற்றத்தில் கேட்டதோ! பிறகு நான்கு பேர், பிறகு ஏழு பேர். தாமாகவே அது வட்டமாயிற்று.

ஓராண்டுக்குப் பின் அன்று நான் அழுதேன். இருபது நிமிடம் இருக்கலாம். பாட்டு நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் எப்ப சாப்பிட்டதோ, காப்பி ஏதும் உண்டா?" என்றார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு தமக்கைக்குத் தொலைபேசினேன். "அம்மாவுக்கு ஒப்பாரி ஆச்சு அக்கா" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரு பாடினது?" என்று மட்டும் கேட்டாள்.

முடிவுரை

இதிலிருந்து நாம் செய்யக் கூடியவை சில உண்டு. நினைவேந்தல் கூட்டங்களில் உரைகளைக் குறைத்து, கூடிப் பாடுவதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்கலாம். தேவாரமோ திருவாசகமோ கீர்த்தனையோ ஒப்பாரியோ, எதுவாயினும் ஒருவர் எடுக்க அனைவரும் தொடரும் வகையில் இருப்பது நன்று. பாட்டு முடிந்ததும் உடனே கலைந்து போகாமல் ஒன்றாக அமர்ந்து ஏதேனும் உண்ணலாம். அதுவும் அந்த ஒழுங்கின் பகுதிதான்.

அடுத்தது இன்னும் அவசரமானது. நம் வீடுகளில் ஒப்பாரி தெரிந்த மூத்த பெண்மணிகள் சிலரே எஞ்சியுள்ளனர். நம் வீடுகளில் வேலை செய்வோரிடையே அவர்கள் கூடுதலாக இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க நாம் கூச்சப்படக் கூடாது. நல்ல நாளில் அதைப் பாட மாட்டோம் என்று சிலர் மறுக்கக்கூடும். அவர்கள் மனம் நோகாமல், உரிய வேளை பார்த்துக் கேட்டு எழுதி வையுங்கள். குரலையும் பதிவு செய்யுங்கள். பாடியவர் ஊரையும், யாரை நினைத்துப் பாடினார் என்பதையும் குறித்து வையுங்கள்.

நான் அக்காவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பள்ளிக்கூட நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. எழுதும்போது நடுவில் நிறுத்தி, "தம்பி, இதைப் படிச்சா வராது, கூட உக்காந்தாத்தான் வரும்" என்கிறார். உண்மைதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன். உட்கார நேரும் நாளில் அடியெடுத்துக் கொடுக்க ஒருவராவது வேண்டுமே.